அமெரிக்கப் பதிவு, ஐரோப்பிய ஹேங்கர்: சொந்த விமானத்தைப் பதிவு நாட்டுக்கு வெளியே வைத்திருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ ஒரு சின்ன விமானத் தளத்துக்குப் போய்ப் பார்த்தால், வரிசையாக நிற்கும் ஒற்றை இன்ஜின் விமானங்களுக்கு நடுவே ‘என்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் போட்ட சில கண்ணில் படும். இந்திய விமானங்களுக்கு ‘விடி’ இருப்பதுபோல, ‘என்’ என்றால் அமெரிக்கா. இவை சுற்றிப் பார்க்க வந்தவை இல்லை. பல ஆண்டுகளாக அங்கேயே நிற்பவை, உரிமையாளரும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்தான். இது எப்படிச் சட்டப்படி சரி, என்னென்ன நிபந்தனை, எங்கே சிக்கல் வரும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த உபயோகத்துக்கு விமானம் வைத்திருக்கும் தனிநபரைப் பற்றி மட்டுமே பேச்சு. விமான நிறுவனங்களின் கதை வேறு.

ஒரு நாட்டில் பதிவான விமானத்தை இன்னொரு நாட்டில் நிரந்தரமாக வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். உலக விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையாக இருப்பது 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தம். அதன் 17-வது பிரிவுப்படி, எந்த நாட்டில் பதிவோ அந்த நாட்டைச் சேர்ந்தது விமானம். 18-வது பிரிவுப்படி ஒரே சமயத்தில் இரண்டு நாடுகளில் பதிவு செய்ய முடியாது. ஆனால் அந்த விமானம் எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தம் எங்கும் சொல்லவில்லை. தன் குடிமக்களின் விமானம் இத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஊர் திரும்ப வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமும் கேட்பதில்லை.

ஆனால் இந்த ‘வைத்திருக்கலாம்’ பதிவுக்கு மட்டுமே பொருந்தும். விமானத்தை யாருடைய விதிப்படி பராமரிப்பது என்றால் பதிவு நாட்டு விதிப்படி. ஓட்டுகிறவருக்கு யாருடைய உரிமம் வேண்டும் என்றால், பல நேரம் இரண்டு நாட்டு உரிமமும் வேண்டும். வரி யாருக்கு என்றால், விமானத்தின் பதிவைப் பார்க்காமல் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். மூன்றுக்கும் மூன்று அலுவலகம். ஒன்றில் எல்லாம் சரியாக இருப்பதால் மற்ற இரண்டும் சரி என்று ஆகிவிடாது. உரிமையாளர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஐரோப்பாவில் வாழ்கிறவர் ஏன் அமெரிக்கப் பதிவை வைத்திருக்கிறார்?

முக்கியக் காரணம், மேகத்துக்குள் கருவிகளைப் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்பார்கள். ஐரோப்பாவில் அதற்கு ஒருகாலத்தில் ஏழு எழுத்துத் தேர்வுகள், அதற்கென அங்கீகாரம் பெற்ற பள்ளியில் நீண்ட பாடத்திட்டம். அமெரிக்காவில் ஒரே எழுத்துத் தேர்வு, பிறகு பறக்கும் தேர்வு. வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் பறக்கிறவருக்கு முதல் வழி ஏறக்குறைய மூடிய கதவு. அமெரிக்க உரிமத்தில் அந்தத் தகுதியை வாங்கிவிட்டால், அதைப் பயன்படுத்த அமெரிக்கப் பதிவு விமானம் வேண்டும். அப்படித்தான் இவை ஐரோப்பாவில் பெருகின. பராமரிப்பு விதிகளும் கருவிகளை மாற்றிப் பொருத்தும் அனுமதிகளும் அமெரிக்கப் பக்கம் எளிது என்பது அடுத்த காரணம்.

இன்று நிலைமை அப்படியே இல்லை. தனியார் பைலட்டுகளை மனதில் வைத்து 2014-ல் ஒரு சுருக்கமான வழியையும், 2021-ல் பேசிக் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்ற இன்னும் எளிய தகுதியையும் ஐரோப்பா கொண்டுவந்தது. 2,730 கிலோ வரையிலான சிறு விமானங்களுக்கு 2020 மார்ச்சில் பராமரிப்பு விதிகளும் தளர்ந்தன. புதிதாக வாங்குகிறவர், பழைய ஆட்கள் சொல்லும் காரணங்கள் இன்றும் தனக்குப் பொருந்துமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். என் கருத்தில் பலருக்குப் பொருந்தாது.

அமெரிக்கக் குடிமகன் இல்லாதவர் அங்கே பதிவு செய்ய முடியுமா?

நேரடியாக முடியாது. குடிமகன், நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் கிரீன் கார்டு உள்ளவர், குடிமக்கள் கையில் உள்ள நிறுவனம் ஆகியோருக்குத்தான் அந்த உரிமை. வெளிநாட்டவர் கையில் உள்ள நிறுவனத்தை அமெரிக்காவில் தொடங்கிப் பதிவு செய்யவும் ஒரு வழி உண்டு. ஆனால் அப்போது விமானத்தின் பறக்கும் நேரத்தில் குறைந்தது 60 சதவீதம் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். விமானம் ஐரோப்பாவில் நிற்கிறது என்றால் இந்த வழி அடைபட்டது.

மிச்சம் இருப்பது டிரஸ்ட். தகுதியுள்ள அமெரிக்க டிரஸ்டி ஒருவர் பெயரில் விமானம் பதிவாகும். பயன் முழுக்க உங்களுக்கு. இதைத் தொழிலாகவே செய்யும் நிறுவனங்கள் உண்டு, ஆண்டுக் கட்டணம் வாங்குவார்கள். டிரஸ்டியை இயக்கவோ நீக்கவோ வெளிநாட்டவருக்கு உள்ள அதிகாரம் மொத்தத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. விமானத்தை யார் ஓட்டுகிறார், எங்கே நிற்கிறது என்று அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. கேட்டால் டிரஸ்டி தாமதமில்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்று 2013-ல் கொள்கையாகவே அறிவித்தார்கள். அதனால் டிரஸ்டி உங்களிடம் அவ்வப்போது விவரம் கேட்பார். தொல்லையாக நினைக்காமல் பதில் அனுப்புங்கள்; உங்கள் பதிவு அவர் கையெழுத்தில் நிற்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிரஸ்ட் என்பது பதிவுக்கான ஏற்பாடு மட்டுமே. அதனால் ஐரோப்பிய வரி குறையாது.

பதிவு எவ்வளவு காலம் செல்லும்?

2023 ஜனவரியிலிருந்து 7 ஆண்டுகள். அதற்கு முன் 3 ஆண்டுகளாக இருந்தது. காலாவதியான பதிவோடு பறந்தால் வான்தகுதிச் சான்றிதழும் பலனற்றுப் போகும், காப்பீட்டுக்காரரும் கை விரிப்பார். டிரஸ்ட் வழியாக வைத்திருப்பவர்கள் புதுப்பிப்புக் கடிதம் டிரஸ்டி முகவரிக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம்.

அமெரிக்காவில் வாங்கிய உடனே அட்லான்டிக் தாண்டிப் பறந்து வந்துவிடலாமா?

முடியாது. விற்பனை முடிந்ததும் கையில் வைத்துக்கொள்ளும் விண்ணப்ப நகல் ஒரு தற்காலிக அனுமதி. அது அமெரிக்க எல்லைக்குள் மட்டுமே செல்லும். வெளிநாடு போவதாக எழுதிக் கொடுத்தால் எஃப்.ஏ.ஏ. பதிவை விரைவாக முடித்துத் தரும். அந்தத் தாள் வரும்வரை கனடா எல்லையைக்கூடத் தாண்டக் கூடாது.

ஆண்டுப் பரிசோதனைக்கு அமெரிக்கா போக வேண்டுமா?

போக வேண்டாம். ஆனால் அமெரிக்க விதிப்படி, அமெரிக்க அங்கீகாரம் உள்ளவர்தான் செய்ய வேண்டும். சாதாரண வேலைகளுக்கு எஃப்.ஏ.ஏ. சான்றிதழ் பெற்ற மெக்கானிக் போதும். அவர்களை ஏ அண்டு பி என்பார்கள். ஆண்டுப் பரிசோதனையில் கையெழுத்துப் போட, அந்த மெக்கானிக்குக் கூடுதலாக ஐ.ஏ. எனப்படும் பரிசோதனை அதிகாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஃப்.ஏ.ஏ. அங்கீகாரம் பெற்ற ரிப்பேர் ஸ்டேஷன் செய்யலாம். உங்கள் தளத்தில் 30 ஆண்டு அனுபவமுள்ள அருமையான இன்ஜினியர் இருக்கலாம். ஐரோப்பிய உரிமம் மட்டுமே உள்ளவர் என்றால் அவர் கையெழுத்து இந்த விமானத்துக்குச் செல்லாது.

விமானம் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஐ.ஏ. உள்ளவர்கள் ஐரோப்பாவில் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் ஆண்டுதோறும் விமானத்தை வேறு ஊருக்கு ஓட்டிப்போய் வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டியிருக்கும், அல்லது அவரை வரவழைத்துப் பயணச் செலவும் கொடுக்க வேண்டும்.

காலக் கணக்கு மாதக் கடைசியைப் பார்க்கிறது. மார்ச் 10 அன்று பரிசோதனை முடிந்தால் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். அந்த நாள் தாண்டிவிட்டால் பரிசோதனைக்கு ஓட்டிப்போகவும் எஃப்.ஏ.ஏ.யிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தனி அனுமதி முழுமையான வான்தகுதிச் சான்றிதழ் ஆகாது என்பதால், எந்த நாட்டின் வானில் பறக்கிறீர்களோ அந்த நாடும் தனியாகச் சம்மதிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் இரண்டு அரசாங்கங்களுக்கு எழுத வேண்டிய நிலை. ராடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதத்துக்கு ஒரு பரிசோதனை; கருவி விதிப்படி பறக்கிறவர்களுக்கு உயரமானிக்கும் அதே போல.

எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை பைலட் உரிமம் உள்ள உரிமையாளரே செய்து பதிவேட்டில் எழுதலாம். நல்ல சலுகை இது.

எந்த உரிமத்தோடு ஓட்டுவது?

சிகாகோ ஒப்பந்தத்தின் 32-வது பிரிவில் இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் வரி, நாடு தாண்டிப் பறக்கும் விமானத்தின் பைலட்டுக்குப் பதிவு நாடு கொடுத்த அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் வேண்டும் என்கிறது. இரண்டாவது வரிதான் பலருக்குத் தெரிவதில்லை: தன் குடிமகன் வேறு நாட்டில் வாங்கிய உரிமத்தைத் தன் வானில் ஏற்க மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஆக இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்கப் பதிவு விமானத்தை ஒரு வெளிநாட்டுக்குள் ஓட்டும்போது, அந்த நாடு கொடுத்த உரிமம் போதும் என்கிறது எஃப்.ஏ.ஏ. விதி. பிரிட்டிஷ் உரிமம் உள்ளவர் பிரிட்டனுக்குள் ஓட்டலாம். ஆனால் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி பிரான்ஸ் வானுக்குள் நுழைந்ததும் அந்த வரி அவருக்கு உதவாது. எல்லை தாண்ட நினைக்கிறவர் அமெரிக்க உரிமமும் வாங்கிவிட வேண்டும். முழுப் பயிற்சியோடு தனி உரிமம் வாங்கலாம், அல்லது கையிலிருக்கும் வெளிநாட்டு உரிமத்தை அடிப்படையாக வைத்துத் தரும் சார்பு உரிமம் வாங்கலாம். சார்பு உரிமத்தில் மூல உரிமத்தின் எண் அச்சாகியிருக்கும். அடிப்படை உரிமம் காலாவதியானால் இதுவும் செல்லாது. அதன் எண் மாறினால் புதிதாக வாங்க வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் சமயத்தில் தங்கள் உரிமத்தை வேறு ஐரோப்பிய நாட்டுக்கு மாற்றியவர்களுக்கு எண்ணும் மாறியது. இரண்டு வகை உரிமத்துக்கும் 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநரோடு திறன் மதிப்பாய்வு உண்டு.

2024 அக்டோபரில் அமெரிக்கா இன்னொரு விதியும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் முகவரி இல்லாத உரிமக்காரர்கள், சட்ட அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்ள அங்கே ஒரு முகவரை நியமிக்க வேண்டும். ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்குக் கடைசி நாள் 2025 ஜூலை 7 ஆக இருந்தது. நியமிக்காவிட்டால் உரிமத்தைப் பயன்படுத்த முடியாது.

இனி ஐரோப்பியப் பக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ம் ஆண்டு அடிப்படை விமானச் சட்டம், விமானம் எங்கே பதிவானது என்பதை விட அதை இயக்குகிறவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பார்க்கிறது. ஒன்றியத்துக்குள் குடியிருந்தால், அமெரிக்கப் பதிவு விமானம் ஓட்டினாலும் ஐரோப்பிய உரிமமும் வேண்டும். இந்த நிபந்தனையை ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போட்டார்கள், 2022 ஜூனில் அந்தச் சலுகை முடிந்தது. ‘மறுபடி தள்ளிப்போடுவார்கள்’ என்று காத்திருந்தவர்கள் அந்தக் கோடையில் ஓட்ட முடியாமல் நின்றார்கள். 2021-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பா–அமெரிக்கா உரிம ஒப்பந்தம், அமெரிக்கத் தனியார் பைலட் உரிமத்தை ஐரோப்பிய உரிமமாக மாற்றும் வழியைச் சுருக்கியிருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இயக்க விதிகளும் அப்படியே: ஒன்றியத்தில் குடியிருப்பவர், சிறு விமானங்களுக்கான ஐரோப்பிய இயக்க விதிகளை 2016 ஆகஸ்டிலிருந்தே பின்பற்ற வேண்டும்.

வாட் வரி கட்ட வேண்டுமா? வெளிநாட்டு விமானம்தானே?

இந்தக் கேள்விக்குத் தவறான பதிலை நம்பியவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பதிவு வெளிநாட்டில் இருக்கிறது என்பதாலேயே வரிவிலக்கு கிடையாது.

சுங்கத்தில் தற்காலிக அனுமதி என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் தனியார் விமானம் வரி கட்டாமல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகபட்சம் 6 மாதம் தங்கலாம். படகுக்கு 18 மாதம் கொடுக்கிறார்கள், விமானத்துக்கு ஆறுதான். நிபந்தனை: ஒன்றியத்துக்கு வெளியே பதிவாகியிருக்க வேண்டும், வெளியே வாழ்கிறவர் பெயரில் இருக்க வேண்டும், வெளியே வாழ்கிறவர் பயன்படுத்த வேண்டும். கான்சஸில் வாழ்கிற ஒருவர் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து வழியாகப் பறந்து வந்து கோடையை பிரான்ஸில் கழித்துவிட்டுத் திரும்பினால் இது அவருக்காகவே எழுதியதுபோல இருக்கும். மியூனிக்கில் குடியிருப்பவர், அமெரிக்க டிரஸ்ட் பெயரில் உள்ள விமானத்தை அங்கே வைத்து ஓட்டினால், மூன்றாவது நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவிட்சர்லாந்து போய்த் திரும்பினால் போதும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். பயன்படுத்துகிறவர் உள்ளூர்க்காரராக இருக்கும்வரை அந்தப் பயணத்தால் பலனில்லை.

அவர் செய்ய வேண்டியது முறையான இறக்குமதி. வாட் விகிதம் ஒன்றியத்துக்குள் நாட்டுக்கு நாடு மாறும்: லக்ஸம்பர்கில் 17 சதவீதம், ஹங்கேரியில் 27. பிரிட்டனில் 20. ஒருமுறை கட்டி இறக்குமதி செய்த விமானம் அந்தச் சுங்க எல்லைக்குள் சுதந்திரமாக இருக்கலாம். அமெரிக்கப் பதிவும் அப்படியே தொடரலாம், இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

பழைய விமானம் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய தாள், வாட் கட்டியதற்கான அத்தாட்சி. ‘வாட் கட்டியாச்சு’ என்று விளம்பரத்தில் எழுதியிருப்பது அத்தாட்சி ஆகாது. இறக்குமதி ஆவணமோ வாட் காட்டும் விலைப்பட்டியலோ மூலப் பிரதியாக இருக்க வேண்டும், அதில் விமானத்தின் வரிசை எண் தெரிய வேண்டும். பதிவெண் மாறலாம், தயாரிப்பாளர் பொறித்த வரிசை எண் மாறாது.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு என்ன மாறியது?

2020-ன் கடைசி நாளில் விமானம் எந்தப் பக்கம் நின்றது என்பது முக்கியமாகிவிட்டது. அன்று பிரிட்டனில் நின்ற விமானம், முன்பு ஜெர்மனியில் வாட் கட்டியதாகவே இருந்தாலும், ஒன்றியத்தின் பொருள் என்ற தகுதியை இழந்தது. அன்று பிரான்ஸில் நின்றதற்கு நேர்மாறு. ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மூன்று ஆண்டுக்குள் மாற்றமில்லாமல் திரும்பும் பொருளை வரியில்லாமல் உள்ளே விடும் மறுவரவுச் சலுகை உண்டு; அதற்கும் கிளம்பிய நாள் தெரியும்படி பயணப் பதிவேடு வேண்டும். வாங்கப்போகும் விமானத்தின் 2020 கடைசி வாரத்துப் பதிவேட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பிரிட்டனுக்குள் வரும், பிரிட்டனிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பறப்புக்கும் குறைந்தது 2 மணி நேரத்துக்கு முன் இணையவழி அறிக்கை தர வேண்டும் என்பது 2024 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

வேறு வரிகள்?

நாட்டுக்கு நாடு பார்க்க வேண்டும். இத்தாலி 2011 இறுதியில் தனியார் விமானங்களுக்கு ஆண்டு வரி கொண்டுவந்தது, வெளிநாட்டுப் பதிவு விமானமும் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் தங்கினால் அதில் அடங்கும். ஆரம்பத்தில் அந்தக் காலம் வெறும் 48 மணி நேரம். விடுமுறைக்கு வருகிறவர்கள் வராமல் போகவே, படிப்படியாக 6 மாதம் வரை தளர்த்தினார்கள்.

காப்பீடு?

மூன்றாம் நபருக்கான குறைந்தபட்சத் தொகையை ஐரோப்பா 2004-ம் ஆண்டு விதியில் எடைப்படி வைத்திருக்கிறது. தொகை எஸ்.டி.ஆர். எனப்படும் சர்வதேச நாணய நிதிய அலகில் இருக்கும். 1,000 கிலோவுக்குக் குறைவான விமானத்துக்கு 15 லட்சம், 2,700 கிலோவுக்குக் குறைவானதற்கு 30 லட்சம். அமெரிக்காவில் வாங்கிய பாலிசி இந்தத் தொகையைத் தொடாமல் இருக்கலாம், ஐரோப்பாவைப் பறக்கும் எல்லையில் சேர்க்காமலும் இருக்கலாம். சான்றிதழில் இந்த விதியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

விமானத்தில் ஏதாவது மாற்ற வேண்டியிருக்குமா?

ரேடியோவை மாற்ற வேண்டியிருக்கலாம். ஐரோப்பாவில் அலைவரிசை இடைவெளி 8.33 கிலோஹெர்ட்ஸ், அமெரிக்காவில் இன்னும் 25. பழைய அமெரிக்க ரேடியோவில் பல ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அறைகளின் அலைவரிசையை வைக்கவே முடியாது. ரேடியோவுக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. தரும் நிலைய உரிமமும் வேண்டும். அமெரிக்காவுக்குள் பறக்கும்போது அது தேவைப்படாததால் விற்கிறவரிடம் பெரும்பாலும் இருக்காது.

இன்னொன்று ஒலிச் சான்றிதழ். ஜெர்மனியில் இதைக் கேட்பார்கள். எஃப்.ஏ.ஏ. இதைத் தனித் தாளாகத் தருவதில்லை; கையேட்டில் ஒலி அளவு அச்சாகியுள்ள பக்கத்தின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

நண்பருக்கு வாடகைக்குக் கொடுக்கலாமா? பயிற்சி கொடுத்துப் பணம் வாங்கலாமா?

பணம் கை மாறும் எதையும், நிற்கும் நாட்டு அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். வெளிநாட்டுப் பதிவு விமானத்தில் கூலிக்கு வேலை செய்வதை எல்லா நாடுகளும் கட்டுப்படுத்துகின்றன. காப்பீடும் தனியார் உபயோகத்துக்கு மட்டுமே இருக்கும்.

அதிகாரி வந்து சோதித்தால் எதைக் காட்ட வேண்டும்?

பதிவுச் சான்றிதழ், வான்தகுதிச் சான்றிதழ், பைலட் உரிமம், மருத்துவச் சான்றிதழ், ரேடியோ உரிமம், காப்பீடு, பறக்கும் கையேடு, எடைக் கணக்கு. இவை விமானத்தில் இருக்க வேண்டும். வாட் அத்தாட்சியின் நகலையும் சேர்த்து வையுங்கள். மூலத்தை வீட்டில் பூட்டி வையுங்கள். பராமரிப்புப் பதிவேடுகளை விமானத்தில் வைக்கவே வேண்டாம். அவை தொலைந்தால் விமானத்தின் மதிப்பில் பெரும்பகுதி தொலைந்ததாகவே அர்த்தம்.

இவ்வளவு சிரமத்துக்கு உள்ளூர்ப் பதிவுக்கே மாறிவிடலாமே?

மாறலாம், பலர் மாறுகிறார்கள். அமெரிக்கப் பதிவை ரத்துசெய்யவும் ஏற்றுமதி வான்தகுதிச் சான்றிதழ் வாங்கவும் வேண்டும், பிறகு புதிய நாட்டின் பரிசோதனை. சிக்கல் எங்கே வரும் என்றால், இத்தனை ஆண்டுகளில் விமானத்தில் செய்த மாற்றங்களில். எஃப்.ஏ.ஏ. உள்ளூர் அலுவலகம் ஒருமுறை சம்மதித்துப் பொருத்திய ஒரு கருவிக்கு ஐரோப்பிய அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். அதைக் கழற்ற வேண்டும் அல்லது புதிதாக அனுமதி வாங்க வேண்டும். அதனால் மாறுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், புதிய நாட்டு இன்ஜினியர் ஒருவரிடம் பதிவேடுகளைக் கொடுத்து, எந்தெந்த மாற்றம் ஏற்கப்படும் என்று எழுதி வாங்குங்கள். அமெரிக்கப் பதிவை ரத்துசெய்வது அதற்குப் பிறகு.